வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்காத கரி

புதுக் கரி ஒன்றைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தால் நான் சுருக்கத்தைப் படிப்பதில்லை. நேராக ரிகவரி அட்டவணையை, அதாவது சேர்த்த மாசில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்று சொல்லும் பட்டியலைத் தேடிப் போகிறேன். ஒரு நீண்ட நாள் எரிச்சலிலிருந்து வந்த பழக்கம் இது. நீரில் கலந்திருக்கும் மருந்து எச்சங்கள், பூச்சிக்கொல்லிகள், பிஎஃப்ஏஎஸ் என்கிற எளிதில் சிதையாத ஃப்ளூரின் சேர்மங்கள் ஆகியவற்றைப் பிடித்து அளப்பதற்கென்று வருடம் முழுக்க ஏதாவது ஒரு நுண்துளைக் கரி வந்துகொண்டே இருக்கிறது. பழத்தோலைக் கருக்கியது, கழிவுக் கசடைக் கருக்கியது, உலோக-கரிமச் சட்டகத்தைக் கருக்கியது, இவற்றுக்குள் இரும்பையோ கோபால்ட்டையோ பொதித்துக் காந்தத்தால் இழுத்தெடுக்கும்படி செய்தது. எதை எடுத்தாலும் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும். கிராமுக்கு இத்தனை ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு. கிராமுக்கு இத்தனை நூறு மில்லிகிராம் கொள்ளளவு, அதாவது ஒரு கிராம் கரி ஒட்டவைக்கக்கூடிய மாசின் அளவு. ஆகவே நுண்ணளவு மாசுகளைப் பிரித்தெடுக்க இது மிகவும் ஏற்றது என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீரில் ஏதோ ஒரு மாசு 10 நானோகிராம் இருக்கிறது. அதைப் பிடிக்க 200 மில்லிகிராம் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் (நீரை ஓடவிடும் சிறு குழல்) ஒன்றை எடுக்கிறோம். கரியின் கொள்ளளவு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறார்கள் என்றால், கார்ட்ரிட்ஜில் இருப்பது 40 மில்லிகிராமை விழுங்கும். நாம் கொடுப்பதோ 10 நானோகிராம். அதாவது கரியால் முடிந்ததில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்த நிலையில் கொள்ளளவை இன்னும் இரண்டு மடங்கு உயர்த்தினேன் என்று ஒருவர் சொன்னால் அதை வைத்து நான் என்ன செய்வது? நிஜ நீரில் மற்ற பொருட்களும் இடம் கேட்டு வரும் என்பது உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் மாசு கரியில் ஒட்டுமா என்பது அளவைக்காரனுக்குப் பாதிக் கேள்விகூட இல்லை. ஒட்டியது இரண்டு மில்லி கரைப்பானில் முழுசாக இறங்கி வருமா என்பதுதான் கேள்வி. இறங்கி வராவிட்டால், மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குக் காட்ட என்னிடம் எதுவும் கிடையாது.

நீரைச் சுத்திகரிப்பவருக்கும் நீரைச் சோதிப்பவருக்கும் ஒரே கரிதான். தேவைகளோ நேர் எதிர். சுத்திகரிப்பவர், பிடித்ததை விடாதே என்கிறார். சோதிப்பவர், பிடி, ஆனால் நான் கேட்டதும் விடு என்கிறார். இந்த இரண்டில் முதலாமவருக்கான பரீட்சையை நடத்திவிட்டு இரண்டாமவருக்கான சான்றிதழைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் புகார்.

முதலில் வந்தவனும் இவனே

இதில் வேடிக்கை என்னவென்றால், நீரிலுள்ள கரிமப் பொருட்களைத் திரட்டி அளக்கும் வேலைக்கு முதலில் வந்ததே கரிதான். 1951-இல் பிராஸ், மிடில்டன், வால்டன் மூவரும் ஆற்று நீரையும் வடிகட்டிய நீரையும் ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக ஓடவிட்டு, அதில் சிக்கியதைக் கரைப்பானில் பிரித்தெடுத்த வேலையை வெளியிட்டார்கள். அன்றைக்கு இன்றைய கருவிகள் கிடையாது. ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை விட்டால்தான் தராசில் வைக்கிற அளவுக்கு ஏதாவது தேறும். கரியை உலர்த்தி, குளோரோஃபார்மில் பல மணி நேரம் பிரித்தெடுத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சிய பிசுக்கை நிறுப்பார்கள். அந்தப் பிசுக்குக்கே 'கார்பன் குளோரோஃபார்ம் சாறு' என்று பெயர் வைத்து, 1962-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பும் எழுதினார்கள்.

அப்புறம் கரி பின்னுக்குப் போனது. சில பொருட்கள் திரும்பி வரவில்லை, வந்தவற்றில் சில கரியின் மேலேயே உருமாறியிருந்தன. 1970-களில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜங்க், ஃப்ரிட்ஸ் குழுவினர் எக்ஸ்ஏடி என்ற செயற்கைப் பிசின்களைக் கொண்டு வந்தார்கள். 1978-இல் வாட்டர்ஸ் நிறுவனம் செப்-பேக் கார்ட்ரிட்ஜை விற்கத் தொடங்கியது. அதிலிருந்த, சி18 என்ற பதினெட்டுக் கார்பன் சங்கிலி ஒட்டிய சிலிக்கா பிடிக்கும் பிடி கரியின் பிடியளவு வலுவானதல்ல, ஆனால் மெத்தனாலை ஊற்றினால் மறுபேச்சில்லாமல் விட்டுவிடும். அந்த நல்ல குணத்துக்காகவே உலகம் அதன் பின்னால் போனது. கரிக்குக் கிடைத்தது, சி18 கைவிட்ட சில்லறைக் கேஸ்கள் மட்டும். அந்தச் சில்லறையில்தான் இன்றைய தலைவலிகள் பலவும் இருக்கின்றன என்பது வேறு கதை.

கவிழ்த்துப் போட்ட நாள்

என் எண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்த சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராஃபைட்டாக்கிய கரித்தூள் நிரப்பிய கார்ட்ரிட்ஜ்கள் சிலவற்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தூய நீரில் அட்ரசின் (களைக்கொல்லி), கார்பமசெபின் (மருந்து), தயபெண்டசோல் (பூஞ்சைக்கொல்லி), பென்சோபைரீன் (ஐந்து வளையத் தட்டை மூலக்கூறு) என்று ஒரு கலவையைத் தெரிந்த அளவில் சேர்த்து, மெதுவாக ஓடவிட்டு, வெற்றிடத்தில் காற்றை இழுத்து உலர்த்தி, மெத்தனாலால் இறக்கினேன். கரித்தூளோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது கை வைத்த இடமெல்லாம் அப்பிக்கொள்ளும். அடித்தட்டு லேசாகத் தளர்ந்திருந்தாலும் இறங்கும் கரைப்பானில் சாம்பல் பூத்தாற்போல ஒரு மங்கல் தெரியும். அந்த மங்கல் கருவிக்குள் போனால் அன்றைய பொழுது போச்சு. அதனால் கரைப்பான் இறங்கிய கண்ணாடிக் குப்பியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பது கைப்பழக்கமாகியிருந்தது. அன்றைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

முடிவுதான் குழப்பம். கரியைக் கடந்து வெளியேறிய நீரைச் சோதித்தால் அதில் நான் சேர்த்த எதுவும் இல்லை. எல்லாமே கரியில் சிக்கியாகிவிட்டது. மெத்தனாலில் அட்ரசினும் கார்பமசெபினும் பெருமளவு வந்துவிட்டன. தயபெண்டசோல் அரைகுறையாக வந்தது. பென்சோபைரீனைக் காணவே காணோம். மெத்தனாலை இன்னும் ஊற்றினேன், அசையவில்லை. நீரில் இல்லை, கரைப்பானில் இல்லை, அப்படியானால் கரிக்குள்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து மேசையில் டயாக்சின் என்கிற நச்சு மாசுகளின் சோதனையில் காலம் கழித்த மூத்தவர் ஒருவர் இருந்தார். அட்டவணையை ஒரு முறை பார்த்தார். "மேலேருந்து நீர் விட்டே, பிடிச்சதெல்லாம் மேல் விளிம்புலயே உக்காந்திருக்கும். அதைப் போய் முழுக் கரியையும் தாண்டி இறங்கி வான்னா எப்படி வரும்? கவிழ்த்துப் போடு. மெத்தனாலை விடு, டொலுயீன் ஊத்து" என்றார். கவிழ்த்தேன். முதலில் டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் கலந்தது, பிறகு டொலுயீன். தயபெண்டசோல் முதல் கலவையிலேயே வந்தது. டொலுயீனில் பென்சோபைரீன் பீக் (கருவி காட்டும் முகடு) நிமிர்ந்து நின்றது.

அவருக்கு இது பழைய சங்கதி. டயாக்சின் ஆட்கள் பல காலமாகக் கரியின் இந்தப் பிடிவாதத்தையே தொழிலாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிராஃபைட் பரப்பு தட்டையானது. தட்டையான மூலக்கூறு அதன்மேல் படுத்துக்கொண்டால் உடம்பு முழுவதும் ஒட்டும். பிசிபி 126 என்கிற, குளோரின் ஏறிய பைஃபினைலில் (இரு பென்சீன் வளையங்கள் இணைந்த மூலக்கூறு) இரு வளையங்களும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குளோரின் கிடையாது. அதனால் வளையங்கள் ஒரே தளத்துக்கு வந்து கரியில் படுத்துவிடும். அந்த இடத்தில் குளோரின் உள்ள மற்ற பிசிபிக்கள் முறுக்கிக்கொண்டு நிற்பதால் லேசான கரைப்பானிலேயே கழன்றுவிடும். கரி நிரப்பிய குழாயில் முன்பக்கமாக லேசான கரைப்பானை விட்டு முறுக்கினவற்றைத் துரத்திவிட்டு, குழாயைத் திருப்பி டொலுயீனால் தட்டையான டயாக்சின்களையும் 126-ஐயும் எடுப்பார்கள். காய்கறிச் சாம்பிள்களில் பச்சையத்தைக் கழிக்கக் கரித்தூளைப் போடும்போது ஹெக்சாகுளோரோபென்சீனும் தயபெண்டசோலும் கூடவே காணாமல் போவதும் இதே தட்டைக் குணத்தால்தான். எல்லாம் எழுதி வைத்த விஷயம். ஆனாலும் புதுக் கரி செய்பவர்களின் கட்டுரைகளில் 'கார்ட்ரிட்ஜைக் கவிழ்த்து இறக்கினோம்' என்ற வரியை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். என் கையிலிருந்த அந்தக் கரியின் பரப்பு கிராமுக்கு வெறும் 100 சதுர மீட்டர். எடின்பரோவில் ஜான் நாக்ஸ் உருவாக்கி 1980-களின் இறுதியில் சந்தைக்கு வந்த துளைகள் கொண்ட கிராஃபைட் கார்பன் இருக்கிறதே, இன்றும் ஆய்வகங்களில் மதிப்போடு இருப்பது, அதன் பரப்பும் ஏறக்குறைய 120-தான். சிலிக்கா மணிகளின் துளைகளில் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிசினை நிரப்பி, கருக்கி, சிலிக்காவைக் காரத்தில் கரைத்துவிட்டு, 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செய்தது. அவ்வளவு சூட்டில் குறுகிய நுண்துளைகள் மூடிப்போய், 25 நானோமீட்டர் அளவிலான அகலத் துளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆயிரக்கணக்கில் பரப்பு இருந்தால்தான் நல்ல கரி என்றால், அளவைக் கூடத்தில் நின்று நிலைத்த இந்தக் கரிகள் முதல் சுற்றிலேயே தோற்றிருக்க வேண்டும்.

குறைய இருந்தால் இன்னும் கெட்டி

கொஞ்சமாக ஒட்டியது சுலபமாகக் கழன்றுவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கரியில் நடப்பது தலைகீழ். கரியின் பரப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லை. குறுகலான இடுக்குகள், உடைந்த விளிம்புகள், ஆக்சிஜன் ஒட்டிய மூலைகள் என்று சில இடங்கள் மற்றவற்றைவிட மிகவும் பலமாகப் பிடிக்கும். மூலக்கூறுகள் சொற்பமாக வரும்போது அந்தப் பலமான இடங்களில்தான் போய் அமர்கின்றன. அவை நிரம்பிய பிறகுதான் சாதாரண இடங்களுக்குக் கூட்டம் வரும். ஆகவே லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலில் சோதித்து 95 சதவீதம் திரும்பி வந்தது என்று காட்டினால், பெரும்பாலும் அந்தச் சாதாரண இடங்களைப் பற்றித்தான் தெரிந்துகொண்டோம். லிட்டருக்கு 10 நானோகிராமில் கிட்டத்தட்ட எல்லா மூலக்கூறுகளும் கெட்டியான மூலைகளில் பட்டா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அளக்கப் போகிற செறிவிலேயே ரிகவரி பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

அந்த மூலைகளின் சேட்டைகள் விதவிதமானவை. கிராஃபைட்டாக்கிய கரித்தூளில் நேர்மின்னேற்றம் கொண்ட சில இடங்கள் உண்டு. அவை அமிலத் தன்மையுள்ள மாசுகளை அயனியாகவே இழுத்து வைத்துக்கொள்ளும். ரோமில் டி கோர்சியா குழுவினர் இதைத் தொல்லையாகப் பார்க்காமல் வசதியாக்கிக்கொண்டார்கள். முதலில் நடுநிலைக் கரைப்பானில் மற்றவற்றை இறக்கிவிட்டு, பிறகு அமிலம் கலந்த டைகுளோரோமீத்தேன்-மெத்தனாலில் அமிலக் களைக்கொல்லிகளைத் தனியே எடுத்தார்கள். ஃபீனால்களின் கதை இதைவிட மோசம். ஆக்சிஜன் இருக்கும்போது கரியின் மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வேறு பொருளாகவே மாறிவிடும். நீங்கள் எந்தக் கரைப்பானை ஊற்றினாலும் ஃபீனால் வராது, ஏனென்றால் அங்கே அந்த ஃபீனால் இப்போது இல்லை.

பரப்பளவு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 77 கெல்வின் குளிரில் நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்து, 1938-இல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்த சமன்பாட்டில் போட்டு எடுப்பது. நைட்ரஜன் மூலக்கூறு குட்டி. அது நுழைகிற சந்திலெல்லாம் கார்பமசெபின் நுழையாது. நைட்ரஜன் கண்ட பரப்பு மாசுக்கு வாய்த்த பரப்பு ஆகாது. இன்னொரு கோணமும் உண்டு: ஒற்றை கிராஃபீன் தாளின் இரு பக்கத்தையும் சேர்த்தாலே கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான். 3,000 என்று பெருமையாக எழுதும்போது, துளையை நிரப்பிய வாயுவையும் பரப்பில் படிந்த அடுக்காக எண்ணிவிட்டோமோ என்று ஒரு சந்தேகமாவது வர வேண்டாமா?

குட்டி மூலக்கூறுகளுக்கு மட்டும் ஒரு விலக்கு

இவ்வளவு திட்டிவிட்டு, நுண்துளை மிகுந்த கரியை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. என்டிஎம்ஏ என்கிற நைட்ரோசோடைமெத்தில்அமீனையும் 1,4-டையாக்சேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை முறையே 74, 88. இரண்டும் நீரோடு தாராளமாகக் கலப்பவை. எண்ணெய்ப் பசையுள்ள சி18-ஐ அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கேதான் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான துளைகள் கைகொடுக்கின்றன. அவ்வளவு குறுகிய இடுக்கில் இரு பக்கச் சுவர்களும் ஒரே சமயத்தில் மூலக்கூறை இழுப்பதால், திறந்த பரப்பில் நிற்காதது அங்கே நிற்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 521-ஆம் முறை, 2004-இல் வந்தது, அரை லிட்டர் நீருக்கு 2 கிராம் தேங்காய்ச் சிரட்டைக் கரியைத்தான் கேட்கிறது. டையாக்சேனுக்கான 522-ஆம் முறையிலும் கரிதான். இரண்டிலும் இறக்குவது டைகுளோரோமீத்தேன்.

இவை மட்டும் ஏன் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன? மூலக்கூறு சின்னது, வளையம் வளையமாகத் தட்டையான உடம்பும் இல்லை. உள்ளே போன வழியிலேயே வெளியே வரத் தெரியும், கரைப்பானும் அதே இடுக்கில் நுழைந்து அதைத் தள்ளிவிடும். அவசரம் மட்டும் கூடாது. கரைப்பான் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், நடுவில் சற்று ஊறவும் விட வேண்டும். அப்புறம் கரைப்பானைச் சுண்ட வைக்கும்போது வேறொரு ஆபத்து: என்டிஎம்ஏ ஆவியாகிப் போய்விடும் என்பதால் வற்ற விடக் கூடாது. கரி நேர்மையாகக் கொடுத்ததை நைட்ரஜன் காற்றில் பறக்கவிட்டுவிட்டுக் கரியைக் குறை சொல்வதும் நடக்கிறது.

தூய நீர் எங்கும் ஓடுவதில்லை

ஆற்று நீரில் மக்கிய இலைதழைகளிலிருந்து வந்த ஹ்யூமிக் பொருட்கள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருக்கும். நாம் தேடும் மாசு சில நானோகிராம். ஒன்றுக்குப் பத்து லட்சம் என்ற விகிதத்தில் போட்டி. ஹ்யூமிக் மூலக்கூறு பெரிது, நுண்துளைக்குள் போகாது. ஆனால் வாசலில் படுத்து வழியை அடைக்கும். தூய நீரில் அழகாகப் பிடித்த கரி ஆற்று நீரில் பாதியிலேயே கசியத் தொடங்குவது இதனால். கொள்ளளவு உண்மையில் உதவக்கூடிய ஒரே இடமும் இதுதான், ஆனால் அதற்கும் ஒற்றைப் பொருளைத் தூய நீரில் வைத்து எடுத்த எண் உதவாது. அதே ஹ்யூமிக், கரைப்பானோடு சேர்ந்து பழுப்பு நிறமாக இறங்கி வந்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சிக்னலையும் அமுக்கும்.

ஐசோடோப்பு பதித்த உள்நியமத்தை, அதாவது அதே மாசின் கனமான பிரதியைத் தெரிந்த அளவில் சேர்த்துவிட்டால் இழப்பெல்லாம் சரிக்கட்டிவிடும் என்று ஒரு சமாதானம் உண்டு. ஓரளவுக்கு உண்மை. கரியில் பாதி சிக்கிக்கொண்டால் உள்நியமத்திலும் பாதி சிக்கும், விகிதம் தப்பிக்கும். ஆனால் சிக்னல் பாதியாகிவிட்டதே, கண்டறியும் வரம்பு மேலே ஏறிவிட்டதே, அதை யார் சரிக்கட்டுவது? மேலும் சாம்பிளில் பல நாளாக வண்டல் துகளோடு ஒட்டிக் கிடக்கும் மாசும், பத்து நிமிடத்துக்கு முன் சொட்டுக் குழாயில் விட்ட உள்நியமமும் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்பது நம்பிக்கைதானே தவிர நிரூபணம் இல்லை.

பிஎஃப்ஏஎஸ் விஷயத்தில் இந்த இழுபறி அப்பட்டமாகவே தெரிகிறது. அதே முகமையின் 1633-ஆம் முறையில் மாசைப் பிடிப்பது கரியல்ல, வலுக்குறைந்த அயனி மாற்றப் பிசின். கரித்தூள் வருவது பிறகு, சாற்றைச் சுத்தம் செய்ய மட்டும். அதுவும் 10 மில்லிகிராம், அதிகபட்சம் 5 நிமிடம். கூடுதல் நேரம் விட்டால் அளக்க வேண்டியதையே கரி எடுத்துக்கொள்ளும் என்ற பயம். இதே பொருட்களை நீரிலிருந்து நீக்கக் கரித் தொட்டிகளைக் கட்டுகிறோம் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஐந்து நிமிடக் கெடு எவ்வளவு நியாயமானது என்று புரியும்.

கரியிடம் எதையும் திருப்பிக் கேட்காத முறையும் ஒன்று உண்டு. ஏஓஎக்ஸ் என்ற ஒட்டும் கரிம ஹாலஜன் (குளோரின், புரோமின் போன்றவை) சோதனை. நீரைக் கரியில் ஓடவிட்டு, நைட்ரேட் கரைசலால் குளோரைடைக் கழுவிவிட்டு, கரியையே அப்படியே உலையில் போட்டு எரித்து, வெளிவரும் ஹாலைடை அளப்பார்கள். ஃப்ளூரினுக்கான 1621-ஆம் முறையும் இதே வழிதான். பெரும் பரப்பு, பெரும் பிடிவாதம் எல்லாமே இங்கே நற்குணம். என்ன மாசு என்று பெயர் சொல்ல முடியாது, மொத்தம் எவ்வளவு என்று மட்டும் தெரியும். இரண்டாயிரம் சதுர மீட்டர்க் கரிகளைச் செய்பவர்கள் இந்தப் பக்கம் வந்தால் உண்மையிலேயே உபயோகமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது, ஆனால் வருவோர் குறைவு.

மதிப்புரைக்கு வரும் கட்டுரைகளில் நான் தவறாமல் முட்டிக்கொள்ளும் இன்னொரு வரி, 'இக்கரியைப் பத்து முறை திரும்பப் பயன்படுத்தலாம்' என்பது. ரிகவரி குறையவில்லை என்று ஒரு பட்டை வரைபடமும் கூட இருக்கும். நானோகிராம் அளவையில் அதே கரியை மறுபடி போடுவது என்றால், நேற்றைய சாம்பிளின் மிச்சம் இன்றைய சாம்பிளில் மாசாக வந்து நிற்கும். ரிகவரி குறையாமல் இருந்ததற்கே அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் வெறும் தூய நீரை ஓடவிட்டு எடுத்த பிளாங்க் முடிவைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று எழுதுவேன். சிலர் எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்கள், இந்தத் துறையில் எல்லோரும் போடுகிற வரிதானே என்று பதில் அனுப்புகிறார்கள். பிளாங்க் முடிவை அனுப்பியவர் இதுவரை யாரும் இல்லை.